கோம்பையும் செருப்பும்

1783ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கர்னல் ஃபுல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்த கையோடு, இன்றைய தென்காசி மாவட்டத்துச் சிவகிரிக்கு வந்தார். சிவகிரிப் பாளையக்காரர் ஊருக்குள் நின்று சண்டை போடவில்லை. ஆட்களோடு மலையடிக்கு ஒதுங்கிவிட்டார். அங்கே மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்று இருந்தது. இந்தப் பக்கத்தில் அதற்குக் கோம்பை என்று பெயர். கோம்பைக்கு முன்னால் ஏறத்தாழ நான்கு மைல் ஆழத்துக்கு அடர்ந்த காடு. காடு முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில் நீண்ட மண்கரை, கரை நெடுகிலும் காவல். பக்கத்துப் பாளையங்களும் சேர்ந்து எட்டு ஒன்பதாயிரம் பேர் ஆயுதத்தோடு நின்றதாக, 1787இல் வெளிவந்த தன் நூலில் ஃபுல்லர்ட்டன் எழுதுகிறார். கரையைக் கடந்த பிறகும் கோம்பை கைக்கு வரவில்லை. சுமார் மூன்று மைல் தூரம் காட்டை வெட்டிப் பாதை போட்ட பிறகே உள்ளே நுழைய முடிந்தது.

பழைய வரலாற்றையும் புராணத்தையும் வைத்து கம்ப்யூட்டர் விளையாட்டு செய்ய விரும்பும் இளைஞர்களோடு பேசும்போதெல்லாம் எனக்கு இந்தக் காடு நினைவுக்கு வருகிறது. அவர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விகள்: எந்த அரசன், எந்த ஆயுதம், எந்தக் கோவில். காட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் பார்த்த விளையாட்டுகளில் காடு என்பது இரண்டு சண்டைகளுக்கு நடுவில் கடந்துபோகும் பச்சை. சிவகிரியில் காடுதான் கோட்டை. சங்கப் பாடல்கள் மிளை என்றும் உரைகள் காவற்காடு என்றும் பேசுவது இதைத்தான். குறளில் அரண் அதிகாரம் நீரையும் வெட்டவெளியையும் மலையையும் காட்டையும் ஒரே மூச்சில் அரணின் உறுப்புகளாக எண்ணுகிறது. கம்பெனிப் படை பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அந்த அதிகாரத்துக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டது.

நான்கு மைல் காடு சும்மா நிற்காது. அங்கே விறகு வெட்டக்கூடாது என்று ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்தத் தடம் வழியாக மாடு போகலாம், எந்தத் தடம் அடைபட்டது என்று யாரோ முடிவு செய்திருக்க வேண்டும். தடத்தைக் காத்தவனுக்கு நெல்லோ காசோ கிடைத்திருக்க வேண்டும். பாளையங்களின் காலத்தில் தேசக்காவல், தலக்காவல் என்று வரிகளே இருந்தன. அந்த வரியைக் கொடுக்க முடியாதவன் கதி என்ன? காவல்காரனே களவுக்குத் துணைபோனால்? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் இருக்கும் இடத்தில்தான் ஓர் உலகம் இருக்கிறது. மரங்களை எவ்வளவு தத்ரூபமாக வரைந்தாலும் இந்தப் பதில்கள் இல்லாவிட்டால் அது வெறும் படுதா.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. புராணத்தின் உலகத்தை மக்கள் நம்புவது அதன் வண்ணத்தால் இல்லை. அது அவர்கள் மேல் சுமத்தும் கடனால். தெய்வம் உனக்கு ஏதோ கொடுத்திருக்கிறது, நீ அதற்கு ஏதோ செய்தாக வேண்டும். தெய்வத்தின் முகத்தையும் ஆயுதத்தையும் எடுத்துக்கொண்டு கடனை விட்டுவிடுகிற விளையாட்டு, எத்தனை கோடி செலவில் செய்தாலும், கொஞ்ச நேரத்தில் வெறுமையாகிவிடுகிறது.

சங்கரன்கோவில் சிவகிரிக்குத் தென்கிழக்கே இருபது, இருபத்தைந்து கிலோமீட்டரில் இருக்கிறது. அந்தத் தூரத்துக்குள் மலையும் எலுமிச்சைத் தோட்டமும் கண்மாய் வயலும் முடிந்து கரிசல் தொடங்கிவிடும். அங்கே சொல்லப்படும் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்களுக்குள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வழக்கு. இருவரும் ஒன்றாகத் தெரியும் கோலத்தைக் காட்ட வேண்டும் என்று கோமதியம்மன் ஒற்றைக் காலில் தவம் நிற்கிறாள். சங்கரநாராயணராகக் காட்சி கிடைக்கிறது. ஆடித்தபசு அந்தத் தவத்தின் திருவிழா. ஒரு விளையாட்டு ஸ்டூடியோ இதிலிருந்து எதை எடுக்கும்? பாதி சிவப்பும் பாதி நீலமுமாக ஓர் உருவத்தை எடுக்கும். இரண்டு நாகர்களைச் சண்டைக்கு விடும். புற்றுமண்ணை உயிர்ச்சக்தி கூட்டும் பொருளாகப் பையில் போட்டுவிடும்.

நான் எடுக்கச் சொல்வது ஆடிச்சுற்றை. திருவிழாக் கொடி ஏறியதும் பெண்களும் ஆண்களும் பிராகாரத்தைச் சுற்றத் தொடங்குகிறார்கள். நூற்றெட்டு, ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று அவரவர் நேர்ந்துகொண்ட கணக்கு. ஒற்றைக் காலில் நிற்கும் அம்மனுக்குக் கால் வலிக்குமே, அந்த வலியில் ஒரு பங்கைச் சுற்றுகிறவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது நம்பிக்கை. இதைவிட ஆழமான ஒரு விளையாட்டு விதியை நான் எங்கும் கண்டதில்லை. தெய்வத்துக்கு வலிக்கிறது. அந்த வலியைக் குறைக்கும் வேலை உன்னுடையது. அதற்கு வாள் தேவையில்லை, திறமையும் தேவையில்லை. சுடுகிற கல்தரையில் ஒரு சுற்று முடிந்தபின் அடுத்த சுற்று நடக்கிற மனம் மட்டும் வேண்டும். அலுப்பைத் துரத்துவதையே வேலையாக வைத்திருக்கும் விளையாட்டுத் தொழில், அலுப்பே காணிக்கையாக மாறும் இந்த இடத்தை எப்படிக் கையாளும் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

உலகில் நடந்துள்ள முயற்சிகளைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. 2020இல் புனேயைச் சேர்ந்த நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் வெளியிட்ட 'ராஜி', ராஜஸ்தானக் கோட்டைகளின் சாயலில் தன் உலகத்தைக் கட்டியது. துர்க்கையும் திருமாலும் கதை சொல்ல, ஒரு சிறுமி தம்பியைத் தேடிப் போகிறாள். இந்தியாவிலிருந்து இப்படி ஒன்று வந்ததே அன்று பெரிய விஷயம். 2022இல் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டுக்கு வந்த இந்திய விரிவாக்கத்தில் திராவிடர் என்று ஒரு நாகரிகம், ராஜேந்திர சோழனின் படையெடுப்பு, உருமி சுழற்றும் வீரர்கள் எல்லாம் இருந்தார்கள், மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. 2024இல் சீனாவின் கேம் சயன்ஸ் நிறுவனம் 'பிளாக் மித்: வூகாங்' செய்தபோது உண்மையான பழங்கோவில்களையும் சிலைகளையும் ஸ்கேன் செய்து உள்ளே வைத்தது. விளையாட்டில் வரும் முப்பத்தாறு இடங்களில் இருபத்தேழு ஷான்சி மாகாணத்தில் உள்ளவை. ஆள் நடமாட்டம் குறைந்த பழங்கோவில்களுக்கு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். கல்லில் அந்த நிறுவனம் காட்டிய விசுவாசத்தை நாம் கற்றுக்கொள்ள வேண்டும். நம்மிடம் ஸ்கேன் செய்ய எவ்வளவோ இருக்கிறது. பல சிற்பங்கள் அதற்குள் மணல்வீச்சுச் சுத்தம் என்ற பெயரில் முகம் இழந்துவிட்டன.

ஆனால் வூகாங் விளையாட்டில் சன்னிதி என்பது ஊதுபத்தி ஏற்றி இளைப்பாறும் இடம். ஏற்றியதும் உயிர் நிரம்பும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தெய்வம் கொடுக்கிறது, கேட்பதில்லை. இங்கேதான் எனக்கு ஒட்டாமல் போகிறது.

அகழாய்வுப் பொருள்களுக்கும் இதே கதைதான். சிவகிரி இருக்கும் தென்காசி மாவட்டத்திலேயே, திருமலாபுரத்தில், மாநிலத் தொல்லியல் துறை மலையடிவாரத்து ஈமக்காடு ஒன்றைத் தோண்டியது. கற்பலகைகளால் அமைத்த அறைக்குள் தாழிகள் கிடைத்தன. வெள்ளை வண்ணக் குறியீடுகள் தீட்டிய பானைகள், இரும்பு ஆயுதங்கள், மிகச் சிறிய தங்க வளையங்கள். கீழடியில் தந்தப் பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. ஓர் உலகத்தை வரைகிறவருக்கு இதெல்லாம் பெருஞ்செல்வம். பானையின் வளைவு எப்படி, வாளின் நீளம் எவ்வளவு என்று இனி யாரும் கற்பனையில் அடித்துவிட வேண்டியதில்லை. ஆனால் இருப்பவர்கள் ஏன் இறந்தவருக்காக அவ்வளவு பெரிய பலகைகளை இழுத்து வந்தார்கள்? இழுக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று பயந்தார்கள்? விளையாட்டை எழுதுகிறவர் அந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும். பானை பிறகு வரும்.

தமிழில் இதற்கு ஒரு பழைய பள்ளிக்கூடம் இருக்கிறது. திணை என்றதும் எல்லோரும் அகத்திணைக்குப் போய்விடுகிறார்கள்: நிலம், பொழுது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில். விளையாட்டு உலகத்துக்கு அது அருமையான அட்டவணைதான். அதிலும் பாலையைப் பார்க்க வேண்டும். அதற்கென்று தனி நிலம் கிடையாது. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் திரிந்து பாலையாகின்றன என்கிறது சிலப்பதிகாரம். வரைபடத்தில் ஒரு மூலையில் பாலைவனம் என்று எழுதி வைப்பதற்குப் பதில், நேற்று நீ மேய்ச்சலுக்குப் போன இடமே இன்று ஆறலைக்கள்வர் இருக்கும் சுரமாக மாறுகிறது. வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருஷத்தில் சிவகிரியிலிருந்து கிழக்கே நடந்தவர்களுக்கு இதில் கற்பனை எதுவும் தெரியாது.

நான் அதிகம் தங்க விரும்புவது புறத்திணையில், அதிலும் வெட்சியில். போர் என்பது மாட்டைக் கவர்வதில் தொடங்குகிறது. வெட்சிப் பூவைச் சூடினால் கவரப் போகிறார்கள். கரந்தை சூடினால் மீட்கப் போகிறார்கள். வஞ்சி என்றால் படையெடுப்பு, உழிஞை என்றால் முற்றுகை, நொச்சி என்றால் மதில் காத்தல், தும்பை என்றால் களத்தில் நேருக்கு நேர், வாகை வெற்றி. தலையில் இருக்கும் பூவைப் பார்த்தே எதிரில் வருகிறவன் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வருகிறான் என்று தெரிந்துவிடும். புறப்பொருள் வெண்பாமாலை வெட்சியின் துறைகளைச் சொல்லும் வரிசையைப் படித்துப் பாருங்கள். தொடக்கத்திலேயே விரிச்சி: பொழுது சாயும் நேரத்தில் ஊர்ப்பக்கம் நின்று, யாரோ யாரிடமோ தற்செயலாகப் பேசும் ஒரு சொல்லைக் காதில் வாங்கி நிமித்தம் பார்ப்பது. பிறகு ஒற்று. பிறகு ஊரை வளைப்பது, மாட்டைக் கைப்பற்றுவது, பின்தொடர்கிறவர்களைத் தடுப்பது. அப்புறம் சுரத்துய்த்தல்: கவர்ந்த மாடுகள் நோகாமல் வறண்ட வழியில் ஓட்டிவருவது. ஊர் சேர்ந்ததும் பங்கிடுவது, ஒற்றனுக்கும் நிமித்தம் சொன்னவனுக்கும் சேரவேண்டியதைக் கொடுப்பது.

இது கவிதைக்கு எழுதிய இலக்கணம். ஆனாலும் ஒரு முழு விளையாட்டு இதற்குள் தயாராக இருக்கிறது. இன்றைய விளையாட்டுகளில் கொள்ளை என்றால் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டு ஓடுவது. இங்கே கவர்ந்த பிறகுதான் கடினமான வேலையே தொடங்குகிறது. மாடு களைக்கும், கன்று பின்தங்கும், தண்ணீர் தேட வேண்டும். கவர்ந்தவனே அவற்றைப் பேணவும் வேண்டும் என்பது தொல்காப்பியத்தின் நினைப்பு. பங்கிடும்போது யாரையாவது விட்டுவிட்டால் அடுத்த முறை விரிச்சி கேட்டுச் சொல்ல ஆள் வரமாட்டான்.

இதெல்லாம் புலவர்களின் கற்பனை என்று ஒதுக்குவதற்கும் இடமில்லை. 2006இல் தேனி மாவட்டம் ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில், தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் தமிழ்-பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டார்கள். கிறிஸ்துவுக்கு முற்பட்டவை. அவற்றில் ஒன்று ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்த ஒருவனுக்கு எடுத்த கல். தொல்காப்பியத்தில் இருக்கும் அதே சொல், பெயரில் கோம்பை உள்ள இன்னோர் ஊரில், இறந்தவன் ஒருவனின் பெயரோடு நிற்கிறது.

அந்தச் சாவு தெய்வமாவதை நாம் இன்றும் பார்க்கலாம். சிவகிரியிலிருந்து மலையை ஒட்டியே தெற்கே போனால் பாபநாசம். அதற்கு மேலே காரையாறு, சொரிமுத்தையனார் கோவில். அங்கே பட்டவராயன் சன்னிதி இருக்கிறது. முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டில் கேட்டவர்களுக்குத் தெரியும், நா. வானமாமலை அதை அச்சில் பதிப்பித்தார். பிராமணனாகப் பிறந்த பட்டன், செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்புகிறான். பெண்களின் தகப்பன் கேட்டபடி பூணூலைக் கழற்றி, செருப்புத் தைக்கக் கற்று, மாட்டுக்கிடைக்குக் காவல் நிற்கிறான். கல்யாணம் முடிந்த சூட்டில் மாடு களவுபோகிறது. போய் மீட்கிறான், மறைந்திருந்த ஒருவன் வஞ்சகமாகக் குத்திச் சாகிறான், பெண்கள் இருவரும் தீப்பாய்கிறார்கள். கரந்தைதான், பூ மட்டும் இல்லை. பட்டவராயனுக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் தோல் செருப்பைக் கொண்டுவந்து காணிக்கையாகக் கட்டுகிறார்கள். புதிதாகக் கட்டிய செருப்பு நாளடைவில் தேய்ந்திருக்கும். சாமி இரவில் காட்டைச் சுற்றிக் காவல் நடப்பதால் தேய்கிறது என்பார்கள்.

தேய்ந்த அந்தச் செருப்பு ஓர் உலகத்தின் இலக்கணத்தையே வைத்திருக்கிறது. தெய்வம் தொடர்ந்து வேலை பார்க்கிறது. வேலைக்குக் கருவி தேய்கிறது. தேய்ந்ததை மாற்றிக் கொடுப்பது மனிதர் பொறுப்பு. கொடுக்காவிட்டால் காடு காவலின்றிக் கிடக்கும். விளையாட்டுக்காரன் வாங்கும் பரிசாக இல்லாமல், அவன் கொடுத்தாக வேண்டிய பொருளாகச் செருப்பை வைத்துப் பாருங்கள். எந்த வசனமும் இல்லாமல் அந்தக் காட்டில் யாரோ நடக்கிறார்கள் என்று அவன் நம்புவான்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இதைக் கடக்க முடியாது. இந்த நிலத்தை வைத்துச் செய்யும் உலகத்தில் சாதி இல்லையென்றால் அது பொய். அதே சமயம், வீரன், மந்திரவாதி, வில்லாளி என்று ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் சாதிகளை அடுக்கி, இவனுக்கு இந்தத் திறமை என்று எழுதினால் அது பெரிய அநியாயம். நூற்றாண்டுகளாக ஊர் சொல்லி வந்த பொய்யை யந்திரத்தின் விதியாக்குவது. நாட்டார் கதைகள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கின்றன. முத்துப்பட்டனும் காத்தவராயனும் மதுரைவீரனும் தங்களுக்கு இட்ட கோட்டைத் தாண்டியவர்கள். தாண்டியதற்காகச் செத்தவர்கள் அல்லது தாண்டியபின் செத்தவர்கள். கொன்ற ஊரோ காக்கத் தவறிய ஊரோ பிறகு அவர்களுக்குப் படையல் போடுகிறது. விதியை மீறியவனின் சாவே புதிய விதியாகிற அந்த இடத்தை ஒரு விளையாட்டு தொட்டுவிட்டால், அது நாவல்களோடு சமமாக உட்காரலாம்.

கிரேக்கப் புராணத்தில் ஜீயஸைக் கொல்லும் விளையாட்டு வந்தபோது எந்த ஊரிலும் கொடைவிழா நிற்கவில்லை. நம் தெய்வங்களுக்கு இன்னும் பங்காளிகள் இருக்கிறார்கள், வருஷா வருஷம் வரி பிரிக்கிறார்கள், வில்லுக்கு ஆள் சொல்கிறார்கள். ஆகவே செய்கிறவருக்கும் ஒரு கடன் உண்டு. 2014இல் வந்த 'நெவர் அலோன்' இதில் வழிகாட்டி. அலாஸ்காவின் பழங்குடி மன்றம் ஒன்று அந்த விளையாட்டில் பங்காளியாக நின்று, இன்யூபியாக் மக்களின் பெரியவர்களைக் கூடவே உட்கார வைத்து உருவாக்கியது. கதை ராபர்ட் நாஸ்ருக் கிளீவ்லாண்ட் என்ற கதைசொல்லியிடமிருந்து பதிவானது. அவர் மகள் மின்னி கிரேயைக் கண்டு அனுமதி கேட்ட பிறகே வேலை நகர்ந்தது. நமக்கு மிக அருகில் 'வெண்பா' இருக்கிறது: 2023இல் டொரன்டோவின் விசை கேம்ஸ் செய்தது, அடுத்த ஆண்டு பாஃப்டாவின் அறிமுகப் படைப்புக்கான விருதைப் பெற்றது. அதில் அரசனும் இல்லை, அசுரனும் இல்லை. அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேடு, இட்லித் தட்டு, கனடாவில் தமிழ் மறக்கத் தொடங்கும் மகன். இட்லித் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்பதைத் தாயிடமிருந்து வாங்கிய கடனாக அந்த விளையாட்டு உணர வைக்கிறது. ஒரு சமையலறைக்கு முடிந்தது ஒரு மலையடிவாரத்துக்கு முடியாதா?

வில்லுப்பாட்டுக்காரர்கள் இந்த வேலையை நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். காப்பும் குருவணக்கமும் அவையடக்கமும் முடிந்ததும் கதைக்குப் போய்விட மாட்டார்கள். நாட்டு வளம் பாட வேண்டும். எந்த மலை, எந்த ஆறு, எந்தக் குளம், என்ன பயிர் என்று நிலத்தை எழுப்பிவிட்டு அதன் மேல்தான் ஆட்களை நிறுத்துவார்கள். கதையில் சாவு வரும் கட்டத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் மேல் சாமி இறங்கும். அதுவரை கேட்பவராக இருந்தவர் கதைக்குள் போய்விடுகிறார். ஊர் அவரிடம் குறி கேட்கிறது, குறையைச் சொல்கிறது, சண்டையும் போடுகிறது. கடைசியில் வாழி பாடித்தான் வில்லை இறக்குவார்கள்.

கம்ப்யூட்டர் விளையாட்டில் எந்த நிமிஷத்திலும் நிறுத்திவிட்டு எழுந்து போகலாம். அழைத்த தெய்வத்தை நடுவில் விட்டுவிட்டுப் போவது கொடையில் நடக்காத காரியம். முத்துப்பட்டனை விளையாட்டாகச் செய்கிறவர் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் இது என்று நினைக்கிறேன்: மாடு மீட்கப் போன பாதி வழியில் ஆட்டக்காரர் நிறுத்திவிட்டால், அந்த இரவு பொம்மக்காவும் திம்மக்காவும் என்ன செய்துகொண்டிருப்பார்கள்? அவர் மூன்று நாள் கழித்துத் திரும்பி வரும்போது கிடையில் மாடுகளுக்கு யார் தண்ணீர் காட்டியிருப்பார்கள், வரத் தாமதமானதற்கு அவரிடம் என்ன கேட்பார்கள்? நிரல் எழுதத் தெரிந்த ஒருவரும் வில்லடிக்கத் தெரிந்த ஒருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து இதற்கு விடை தேடினால் நன்றாக இருக்கும். இரண்டு வகை ஆட்களும் இன்று தென்காசி மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்.